இரு நதிகளை இணைக்கும் நீர்வழி



சிற்றாறுகள் பெருநதியோடு சேருவதை நாம் அறிவோம். ஆனால் ஒரு நதி நடுவழியில் பிரிந்து, தன் தண்ணீரில் ஒரு பங்கை வேறொரு நதிக்குக் கொடுத்துவிடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தென் அமெரிக்காவில், வெனிசுலா தேசத்தின் மழைக்காட்டில் அது நடைபெறுகிறது.

அங்கே ஒரினோகோ நதியிலிருந்து காசிகியாரே என்னும் கிளை பிரிகிறது. அது ஏறக்குறைய 320 கிலோமீட்டர் தென்மேற்காக ஓடி, குவைனியா ஆற்றோடு கலக்கிறது. அதுமுதல் அந்நதிக்கு ரியோ நெக்ரோ, அதாவது கறுப்பு நதி என்று பெயர். அது பிரேசிலுக்குள் பாய்ந்து அமேசானைச் சேர்கிறது. இடைப்பட்ட நிலம் ஏறக்குறையச் சமமாயிருப்பதால், இரு நதிகளையும் பிரித்துவைக்கும் மேடு அங்கே இல்லை. மனிதர் வெட்டாத கால்வாய் அது!

1744-ஆம் ஆண்டில் மனுவேல் ரோமான் என்னும் இயேசு சபைக் குருவானவர் அவ்வழியே பயணம் செய்தார். ஆயினும் ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பவில்லை. 1800-இல் ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர், கொசுக்களின் கொடுமையைச் சகித்து, படகில் அதைக் கடந்து உறுதிப்படுத்தினார். அக்காட்டின் பூர்வ குடிகளோ அதை முன்னமே அறிந்திருந்தார்கள்.

மக்கிய இலைகளின் சாறு கலந்திருப்பதால் ரியோ நெக்ரோவின் தண்ணீர் கடுந்தேநீர் நிறமாயிருக்கும். மனாவுஸ் நகரருகே, ஆண்டிஸ் மலைகளின் வண்டலைச் சுமந்துவரும் சோலிமோயிஸ் நதியை அது சந்திக்கிறது. வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறுபடுவதால், கறுப்பும் பழுப்புமான இரு நீரோட்டங்கள் சுமார் 6 கிலோமீட்டர் தூரம் கலவாமல் அருகருகே ஓடுகின்றன.

வெள்ளக்காலத்தில் கரையோரக் காடுகள் பல மாதங்கள் நீரில் மூழ்கி நிற்கும். மீன்கள் மரங்களுக்கிடையே நீந்தி, உதிரும் கனிகளைத் தின்று, விதைகளைத் தூரமாய்க் கொண்டுபோய் விதைக்கின்றன.

அங்குள்ள ஜனங்களுக்கு நதியே சாலை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் படகிலேயே போகவேண்டும். மனாவுஸ் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டத்தைக் குறித்து வருகிறார்கள். 2021-இல் அது 30.02 மீட்டர் வரை உயர்ந்தது. 2024 அக்டோபரிலோ 12.11 மீட்டருக்குத் தாழ்ந்தது. முந்தின ஆண்டின் வறட்சியைத் தொடர்ந்து வந்த தாழ்வு அது. படகுகள் சேற்றில் சிக்கின. மிதக்கும் வீடுகள் தரைதட்டின. மாபெரும் நதியருகே வாழ்ந்தவர்கள் குடிதண்ணீருக்கும் மருந்துக்கும் தவித்தார்கள். பூமி வெப்பமடைவது 2023-ஆம் ஆண்டின் வறட்சியைக் கடுமையாக்கிற்று என்று அறிவியலாளர் கண்டறிந்துள்ளனர். காட்டு மரங்கள் விடும் நீராவியும் மழையாய்த் திரும்புகிறபடியால், காட்டை அழித்தால் மழையும் குறையும்.

நகரத்தில் குடியேறிய நமக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது எந்த நதியிலிருந்து வருகிறதென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இம்மாதம் ஒரு மாலையில் வரைபடத்தை விரித்து, காசிகியாரேயை அவர்களுக்குக் காட்டுங்கள். பின்பு உங்கள் வீட்டுக் குழாயின் நதியையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.