லெகோவுக்குப் பன்மை உண்டா?

அமெரிக்காவில் வளரும் குழந்தை தரையில் கொட்டிய வண்ணக் கட்டைகளை ‘லெகோஸ்’ என்கிறது. அதே கட்டைகள் இங்கிலாந்துக் குழந்தைக்கு ‘லெகோ’ மட்டுமே. ஒன்று கிடந்தாலும் லெகோ, ஆயிரம் கிடந்தாலும் லெகோ. இந்த ஒரு ‘ஸ்’ பல பத்தாண்டுகளாகப் பெரியவர்களைச் சண்டைக்கு இழுத்து வருகிறது. லெகோஸ் என்று சொன்னவரை அங்கேயே நிறுத்தித் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்த பிறகும் அந்தக் கட்டைகளை அடுக்கி மகிழும் ரசிகர்களில் பலர் இந்தத் திருத்தத்தில் முன்வரிசையில் நிற்கிறார்கள். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு வாதமா என்று இதைத் தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. புழக்கத்துக்கு வந்துவிட்ட ஒரு சொல் யாருடையது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. மொழியை மட்டுமே முதலாக வைத்து நடக்கும் ஒரு சிற்றிதழ் அதைக் கண்டும் காணாமல் போக முடியாது.

திருத்துகிறவர்கள் வழக்கமாக நிறுவனத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ‘தயாரிக்கிறவர்களே லெகோஸ் என்று சொல்லாதே என்கிறார்கள்’ என்பார்கள். அது உண்மை. அமெரிக்கப் பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் அப்படியொரு வேண்டுகோளை நிறுவனம் தன் பொருள் பட்டியல்களிலேயே அச்சிட்டதுண்டு. ஆனால் நிறுவனத்தின் விதியை முழுதாகப் பார்த்தால், ‘லெகோ’ என்று தனித்துச் சொல்லவும் அதில் இடமில்லை. லெகோ பெயர்ச்சொல்லாக வரவே கூடாது. இன்னொரு பெயருக்கு முன்னால் அடையாக மட்டும் வரலாம். லெகோ கட்டைகள், லெகோ பொம்மைகள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். ‘என் லெகோவைத் தொடாதே’ என்று தம்பியிடம் சொல்லும் லண்டன் சிறுவனும் இந்த விதிப்படி தவறியவன்தான். நிறுவனத்தின் பெயரால் அமெரிக்கரைத் திருத்தும் பிரிட்டிஷ்காரர் தானும் அதே வரம்புக்கு வெளியேதான் நிற்கிறார்.

நிறுவனம் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறது என்பதை நியாயமாகவே பார்க்க வேண்டும். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல், பொருளாதார மந்தத்தின் நடுவில், மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் தலைகளைக் கிள்ளி ஒட்டியதுதான் லெகோ என்ற பெயர். 1949-இல் வந்த முதல் பிளாஸ்டிக் கட்டைகள், ஹிலாரி பேஜ் என்ற ஆங்கிலேயரின் கிட்டிகிராஃப்ட் கட்டைகளைப் பார்த்து மாற்றிச் செய்தவை. அடியில் குழாய்கள் வைத்து, மேலே உள்ள குமிழ்களை இறுகப் பிடிக்கும் இன்றைய கட்டைக்கு, ஓலேயின் மகன் கோட்ஃப்ரட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காப்புரிமை என்றைக்கும் நிலைப்பதில்லை. அது காலாவதியானதும், லெகோவோடு அப்படியே பொருந்தும் கட்டைகளை மற்றவர்கள் விற்கத் தொடங்கினார்கள். கட்டையின் உருவமே எங்கள் வணிகக்குறி என்று நிறுவனம் நீதிமன்றம் ஏறியது. மெகா பிளாக்ஸ் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005-இல் அதை மறுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் மறுத்தது. குமிழும் வடிவமும் கட்டைகளைப் பொருத்துவதற்கான தொழில்நுட்பம், அதை முடிவில்லாத காலத்துக்கு ஒருவருக்கே எழுதிக்கொடுக்க முடியாது என்பதே இந்தத் தீர்ப்புகளின் சாரம்.

அந்தக் கட்டையைப் பொறுத்தவரை மிஞ்சியது பெயர். அதுவும் போய்விடக்கூடும் என்ற பயம் கற்பனையானது இல்லை. பொம்மை உலகிலேயே முன்னுதாரணம் உண்டு. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெட்ரோ ஃபுளோரஸ் 1928-இல் கலிஃபோர்னியாவில் யோ-யோ செய்து விற்றார். அந்தத் தொழிலைப் பிறகு டங்கன் நிறுவனம் வாங்கி, பெயரையும் வணிகக்குறியாகப் பதிந்து வைத்திருந்தது. 1965-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், யோ-யோ அந்தப் பொருளுக்கே உரிய பொதுப்பெயர், அதை யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று தீர்த்தது. எஸ்கலேட்டர், தெர்மாஸ் எல்லாம் இதே வழியில் உரிமையை இழந்த பெயர்கள். நம்மூரில் எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் அது நகல் எடுத்தால் ஜெராக்ஸ்தான். வனஸ்பதி எதுவானாலும் ஒரு தலைமுறைக்கு அது டால்டா. லெகோஸ் என்று ஒருமையும் பன்மையுமாக அந்தப் பெயர் புழங்கத் தொடங்கினால், எந்த நிறுவனத்தின் கட்டையும் ‘ஒரு லெகோ’ ஆகிவிடும் என்று வழக்கறிஞர்கள் அஞ்சுகிறார்கள். அது அவர்கள் வேலை. ஆனால் அந்தக் காவல் வேலையைச் சம்பளமில்லாமல் நாம் ஏன் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டும்? வணிகச் சட்டத்தின் தேவையை இலக்கணப் பிழை என்று பெயர் மாற்றிக் குழந்தையின் வாயில் திணிப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

இலக்கணம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் இரு நாட்டுக் குழந்தைகளும் சரி. ஆங்கிலத்தில் அரிசி எண்ணப்படாத பெயர், அவரை எண்ணப்படும் பெயர். இரண்டையும் குவியலாகத்தான் அள்ளுகிறோம், ஆனாலும் மொழி வெவ்வேறாக நடத்துகிறது. புதிதாக வரும் பொருள் எந்த வரிசையில் போய்ச் சேரும் என்பதை, ஏற்கெனவே அங்கிருக்கும் சொற்கள் தீர்மானிக்கின்றன. இங்கே எங்கள் ஊகம் ஒன்றைச் சொல்கிறோம். பிரிட்டிஷ் வீடுகளில் லெகோவுக்கு முன்பே மெக்கானோ இருந்தது. ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்ற, துளையிட்ட உலோகப் பட்டைகளும் திருகுகளும் கொண்ட தொகுதி அது. மெக்கானோவுக்கு அங்கே யாரும் பன்மை சேர்ப்பதில்லை. அமெரிக்க வீடுகளில் இருந்தவையோ லிங்கன் லாக்ஸ், டிங்கர்டாய்ஸ், கட்டடக் கட்டைகள். எல்லாமே பன்மையில் புழங்கியவை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லெகோவைத் தயாரித்து விற்கும் உரிமத்தைப் பெட்டி செய்யும் சாம்சோனைட் நிறுவனம் வாங்கியபோது, அந்தப் பெயர் போய் உட்கார்ந்த அலமாரியில் எல்லாப் பெயருக்கும் ‘ஸ்’ இருந்தது. குழந்தைகள் கேட்டுக் கற்ற முறையை ஒழுங்காகப் பின்பற்றினார்கள். அதைக் கல்லாமை என்பது அநியாயம்.

மொழியின் வரலாறும் குழந்தைகள் பக்கமே சாய்கிறது. பட்டாணியைக் குறிக்கும் பழைய ஆங்கிலப் பெயர் ‘பீஸ்’. அந்தக் கடைசி ஒலி வேரோடு சேர்ந்தது. அது பன்மை விகுதி போலக் காதில் விழுந்ததால், மக்கள் அதைக் கழற்றி ஒற்றை மணிக்குப் ‘பீ’ என்று புதுச்சொல் உண்டாக்கிக்கொண்டார்கள். யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. இன்று அதைப் பிழை என்று சொல்ல ஓர் அகராதியும் இல்லை. ‘ஒரு லெகோ, பத்து லெகோஸ்’ என்ற நடையும் அதே உரிமையில் வந்தது. டேனிஷிலும் ஜெர்மனிலும் லெகோவோடு கட்டை அல்லது கல் என்ற சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக்கிப் புழங்குகிறார்கள். பன்மை விகுதி ஒட்டிய சொல்லின் மேல் ஏறிக்கொள்வதால் லெகோவுக்குத் தனியே பன்மை தேட வேண்டியதில்லை.

எங்கள் இதழுக்கு இது நடைமுறைக் கேள்வியாகவும் வருகிறது. ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்க்கிறவர்கள் இந்தச் சொல்லை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பெரிய எழுத்து விதி தமிழில் செல்லாது. நம் எழுத்தில் பெரிது சிறிது இல்லை. ‘லெகோக்கள்’ என்று எழுதுவது தவறில்லை, ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. மாடு வந்தது, மாடு வந்தன என்று பெயரைத் தொடாமல் வினையை வைத்தே எண்ணைக் காட்டும் வசதி நம் இலக்கணத்தில் தொல்காப்பியக் காலத்திலிருந்தே இருக்கிறது. நன்னூல் வழியில் பள்ளியில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்தது இதைத்தான். ஆங்கிலத்தில் இரு நாட்டார் மல்லுக்கு நிற்கும் வேறுபாட்டை, சண்டையே இல்லாமல் தமிழ் வினைமுற்று தாங்கிக்கொள்ளும்.

ஆகவே இனி வரும் இதழ்களில் எங்கள் வழக்கம் இது. அமெரிக்கக் கதையில் லெகோஸ் என்று வந்தால் ‘மாடிப்படியில் லெகோ இறைந்து கிடந்தன’. இங்கிலாந்துக் கதையானால் ‘லெகோ இறைந்து கிடந்தது’. குழந்தை வாய்திறந்து பேசும் இடத்தில் அது சொன்ன ‘லெகோஸ்’ அப்படியே இருக்கட்டும். மெய்ப்புப் பார்க்கும் நண்பர்கள் ‘கிடந்தன’வை ஒருமை பன்மை மயக்கம் என்று நினைத்து அடித்துவிட வேண்டாம்.