காலேஜுக்கு புதுசா போற பிள்ளைங்களே உஷார்! பூட்டை உடைக்க வரல... சாவியை கேட்டு வர்றாங்க

நெல்லை,

ஜூன் மாதம் பிறந்து விட்டால் பாளையங்கோட்டை தெருக்களில் புது முகங்கள்தான். முக்கூடல், ஆலங்குளம், கடையம், களக்காடு என்று சுற்று வட்டாரத்தில் இருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும், பாளை கல்லூரிகளிலும் முதல் முறையாக காலடி எடுத்து வைப்பவர்கள். பல வீடுகளில் அம்மா பீடி சுற்றுவார். அப்பாவுக்கு கூலி வேலை. அந்த குடும்பத்துக்கே முதல் பட்டதாரி ஆகப் போவது இந்த பிள்ளைதான்.

அந்த பிள்ளையின் கைக்கு ஒரே நேரத்தில் பல சாமான் வந்து சேருகிறது. செல்போன், சொந்த பெயரில் சிம் கார்டு, வங்கி கணக்கு, ஏ.டி.எம். கார்டு, இ-மெயில் முகவரி. வசதி இருந்தால் ஒரு பழைய லேப்டாப். இதை எல்லாம் எப்படி பத்திரமாக வைத்துக் கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. மோசடி கும்பல் கைவரிசை காட்டுவது இந்த இடத்தில்தான்.

புது பிள்ளைகள் ஏன் சிக்குகிறார்கள்?

இதற்கு காரணம் இருக்கிறது. கல்லூரி ஆபீஸ், ஹாஸ்டல், உதவித்தொகை, பஸ் பாஸ் என்று முதல் மாதம் முழுக்க தெரியாத நம்பரில் இருந்து போன் வந்து கொண்டே இருக்கும். எது நிஜம், எது டூப் என்று பிரித்துப் பார்க்க தெரியாது. சந்தேகம் கேட்டால் பக்கத்தில் உட்காருபவன் சிரிப்பானோ என்ற கூச்சம் வேறு.

சினிமாவில் காட்டுவது போல கம்ப்யூட்டரை தட்டி, சுவரை உடைத்து உள்ளே வருகிற ஆசாமிகள் ரொம்ப குறைவு. நிஜத்தில் வருகிறவன் நம்மிடமே சாவியை கேட்டு வாங்கிக் கொண்டு போகிறான். அந்த சாவிகள் என்னென்ன என்று பார்ப்போம்.

'உதவித்தொகை வந்திருக்கு... ஸ்கேன் பண்ணுங்க'

பீடி தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை திட்டம் உண்டு. படிப்பை பொறுத்து ஆண்டுக்கு 1,000 ரூபாய் முதல் 25,000 ரூபாய் வரை என்று அந்த திட்டம் போடப்பட்டது. விண்ணப்பம் எல்லாம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான். மாநில அரசும் 2022 செப்டம்பரில் மாணவிகளுக்கு புதுமைப்பெண் திட்டத்தையும், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கு தமிழ்ப்புதல்வன் திட்டத்தையும் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது.

ஆகவே, "உங்களுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆயிருச்சு" என்று ஒருவன் போனில் சொன்னால் பிள்ளை நம்பத்தான் செய்யும். அடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு கியூ.ஆர். கோடு வரும். "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பரை போடுங்க, பணம் ஏறிடும்" என்பான். போட்ட அடுத்த நொடி, அம்மா சேர்த்து அனுப்பிய ஹாஸ்டல் பணம் அபேஸ்!

ஒன்றை மட்டும் மனசில் ஏற்றிக் கொண்டால் போதும். கூகுள் பே, போன் பே எதுவாக இருந்தாலும், நமக்கு பணம் வருவதற்கு பின் நம்பரே தேவை இல்லை. பின் நம்பர் கேட்டால் நம் பணம் வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். ஓ.டி.பி.யும் அதே மாதிரிதான். வங்கியோ, கல்லூரியோ, அரசு அதிகாரியோ அதை போனில் கேட்க மாட்டார்கள்.

பிரவுசிங் சென்டரில் கிடக்கும் ஆதார்

என்ஜினீயரிங் கலந்தாய்வு 2018-ல் ஆன்லைனுக்கு மாறியது. அதில் இருந்து சொந்த கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு பிரவுசிங் சென்டர்தான் கதி. பாளையில் அப்படி ஒரு சென்டரில் நாம் போய் உட்கார்ந்தோம். டவுன்லோடு பகுதியை திறந்ததுமே முன்னால் வந்து போனவர்களின் ஆதார், மார்க் ஷீட், போட்டோ எல்லாம் வரிசையாக கிடந்தது.

கடைக்காரரிடம் கேட்டால், "நான் என்ன செய்ய அண்ணாச்சி? பிள்ளைய அவசரத்துல எந்திச்சி போயிருதுவ. சாயங்காலம் நாந்தான் உக்காந்து அழிக்கேன்" என்றார். இவர் நல்ல மனுஷன், அழிக்கிறார். எல்லா கடையிலும் அழிப்பார்கள் என்று என்ன நிச்சயம்?

வேலை முடிந்ததும் மெயிலில் இருந்து லாக்-அவுட் செய்ய வேண்டும். பாஸ்வேர்டை சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று அழுத்த வேண்டும். இறக்கிய பைல்களை அழித்து, குப்பைத் தொட்டியில் இருந்தும் அழிக்க வேண்டும். முழு ஆதார் நம்பர் கட்டாயம் இல்லாத இடத்தில், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதாரை கொடுக்கலாம். அதை ஆதார் இணையதளத்திலேயே எடுத்துக் கொள்ளும் வசதி இருக்கிறது.

பாஸ்வேர்டு விஷயத்திலும் பலர் கோட்டை விடுகிறார்கள். சொந்த பெயர், பிறந்த தேதி, செல் நம்பர் என்று வைத்தால் பக்கத்து பெஞ்சு பையனே கண்டுபிடித்து விடுவான். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பது அதை விட ஆபத்து. ஒரு இடத்தில் கசிந்தால் எல்லா கதவும் திறந்து கொள்ளும். முக்கியமாக இ-மெயிலுக்கு தனி பாஸ்வேர்டு வேண்டும். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி அந்த மெயிலுக்குத்தான் வரும். மெயிலில் 'இரண்டு அடுக்கு' பாதுகாப்பை போட்டு வைத்தால், பாஸ்வேர்டு தெரிந்தவன் கூட நம் செல்போன் இல்லாமல் உள்ளே நுழைவது கஷ்டம்.

பழைய லேப்டாப் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்து வாங்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனியின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்து போனது. செகண்ட் ஹேண்டில் விற்பனைக்கு வரும் லேப்டாப்புகளில் இந்த விண்டோஸ் 10 இருக்கக்கூடும். 11-க்கு மாற்ற முடியுமா என்று கடையிலேயே கேட்டு விடுவது நல்லது.

அப்டேட் என்று வந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளுவது நம் பழக்கம். 2017 மே மாதம் 'வான்னா கிரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை பூட்டி வைத்து பணம் கேட்டது. அதை தடுக்கும் அப்டேட் 2 மாதம் முன்பு, மார்ச் மாதமே வந்து விட்டது. அதை போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக் கொண்டன என்பது குறிப்பிடத்தக்கது.

ஓசி சாப்ட்வேர், யாரோ கொடுத்த பென் டிரைவ், வாட்ஸ்அப்பில் கல்யாண பத்திரிகை, டிராபிக் அபராதம் என்று வரும் ஏ.பி.கே. பைல் எல்லாமே வில்லங்கம். பத்திரிகை என்றால் போட்டோவாகவோ, பி.டி.எப். ஆகவோதான் வரும். செல்போனில் 'இன்ஸ்டால்' செய்யச் சொன்னால் அது பத்திரிகையே அல்ல.

வாடகைக்கு வங்கி கணக்கு: பெரிய ஆபத்து இதுதான்

மேலே சொன்னதில் எல்லாம் போவது பணம். இனி சொல்லப் போவதில் போவது வாழ்க்கை.

"உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்து குடுத்தா உனக்கு ரெண்டாயிரம்" என்று சீனியரோ, வாட்ஸ்அப்பில் முகம் தெரியாத ஆளோ ஆசை காட்டுவான். சிலர் ஏ.டி.எம். கார்டு, பாஸ் புக், சிம் கார்டு என மொத்தமாகவே விலைக்கு கேட்பார்கள். செலவுக்கு திண்டாடும் பிள்ளைக்கு இது லட்டு மாதிரி தெரியும்.

நடப்பது என்ன தெரியுமா? எங்கோ ஒரு முதியவரை மிரட்டி பறித்த பணம் முதலில் இந்த மாணவனின் கணக்குக்கு வருகிறது. அங்கிருந்து சில நிமிடத்தில் பல கணக்குகளுக்கு சிதறி விடுகிறது. அனுப்பியவன் ஆளே தெரியாது. போலீசார் விசாரணையில் கையில் கிடைக்கும் முதல் பெயர் கணக்கு வைத்திருக்கும் மாணவனுடையதுதான். கணக்கு முடக்கப்படும். கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றும் குற்றத்துக்கு தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம் உண்டு. மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 7 ஆண்டு வரை போகும்.

"எனக்கு ஒன்னும் தெரியாது சார்" என்று சொன்னதும் விட்டு விட மாட்டார்கள். கேஸ் முடியும் வரை அலைய வேண்டும். பின்னாளில் அரசு வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு என்று போலீஸ் விசாரணை வரும் போதும் இது தலை காட்டும். 2 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பட்டப்படிப்பையே அடகு வைக்கிற கதை இது. நம் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கி இருக்கிறார்களா என்று 'சஞ்சார் சாத்தி' அரசு இணையதளத்தில் பார்த்துக் கொள்ளலாம்.

பணம் போய் விட்டால்?

அழுது கொண்டு உட்காரக் கூடாது. உடனே 1930 என்ற நம்பருக்கு போன் போட வேண்டும். போன பணம் அடுத்தடுத்த கணக்குக்கு தாவும் முன்பு, அந்தந்த வங்கியில் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றை கையில் வைத்துக் கொள்ள வேண்டும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். போட்டோவை மார்பிங் செய்து மிரட்டினால், மாணவிகள் பெயர் சொல்லாமலே அதில் புகார் கொடுக்க வழி இருக்கிறது.

ஆனால் பல பிள்ளைகள் முதலில் செய்வது மறைப்பது. வீட்டில் திட்டுவார்கள், படிப்பை நிறுத்தி விடுவார்கள் என்ற பயம். பணத்தை நிறுத்த வேண்டிய நேரம் அந்த பயத்திலேயே ஓடி விடுகிறது. மிரட்டுகிறவனுக்கும் அந்த பயம்தான் முதலீடு.

ஆகவே பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையை பஸ் ஏற்றி விடும் போது, "மக்கா, கார்டையும் நம்பரையும் யார்ட்டயும் குடுத்துராத. அப்படியே ஏமாந்துட்டாலும் மொதல்ல என்கிட்ட சொல்லு, நான் ஏச மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பிள்ளை பயப்படாமல் உங்களுக்கு போன் போட்டால்தான், அடுத்த போன் 1930-க்கு நேரத்தோடு போகும்.