இறக்கத்தை எண்ணி ஏறுங்கள்

இதயக் குழாய் அடைப்புக்குச் சிகிச்சை பெற்று ஓராண்டு கடந்த ஒருவர், 'மிதிவண்டியில் நீலகிரிக்கு ஏறி வரலாமா, டாக்டர்?' என்று வினவுகிறார். நாங்கள் விடை கூறுமுன்பே, உடன் வந்த மனைவியோ மகனோ கூடாது என்று தலையசைத்துவிடுகின்றனர். புறநோயாளர் பிரிவில் இத்தகைய காட்சிகள் புதியவை அல்ல. அம்மறுப்பில் உள்ள அன்பை மதிக்கிறோம். ஆயினும், அந்த அச்சம் தவறான திசையை நோக்கி நிற்கிறது என்பதே என் கருத்து. குடும்பத்தார் ஏற்றத்தைக் கண்டு அஞ்சுகின்றனர். உடல்நிலை சீராகி, மருத்துவரின் இசைவும் பெற்ற ஒருவருக்குக் கூடுதல் கவனம் வேண்டுவது இறக்கத்திலும் ஈரத்திலுமே.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறி, கோத்தகிரி வழியே மீண்டும் அடிவாரத்தை அடையும் ஒருநாள் பயணத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூரோ 1,850 மீட்டர். விடியலில் பவானி ஆற்றைக் கடந்து கல்லாற்றின் பாக்குத் தோப்புகளை அடையும் வரை சாலை இனிதே செல்லும். அதன்பின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. இவ்வேற்றம் கடினமே. எனினும், அதன் கடுமையை ஓட்டுபவரே கூட்டவும் குறைக்கவும் இயலும். உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிடில் வேகம் மிகுதி என்று பொருள். கியரைத் தாழ்த்தலாம், நிற்கலாம், இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம்.

இறங்கித் தள்ளுவதை இழிவாகக் கருதுவோர் மிதிவண்டி ஆர்வலரிடையே இன்றும் உளர். அவர்களுக்கு மலை இரயிலையே சான்றாகக் காட்டுவேன். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை அது பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, மிக மெதுவாகவே ஏறுகிறது. அதனை எவரும் எள்ளுவதில்லை. பிரான்சு நாட்டில் 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதிய பால் த விவி (1853–1930), மலைப்பயணத்துக்குப் பல கியர்கள் தேவை என்று நெடுங்காலம் வாதாடினார். பசிக்குமுன் உண்ணவும் தாகத்துக்குமுன் பருகவும் அறிவுறுத்தியவரும் அவரே. அவர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1937-இல்தான் டூர் டி பிரான்சு பந்தயத்தில் கியர் மாற்றிகளுக்கு இசைவு கிடைத்தது. பந்தய வீரரின் வீம்பு நம் நோயாளருக்கு எதற்கு?

இனி வானிலைக்கு வருவோம். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகிறது. அடிவாரத்தில் 30 பாகை என்றால் குன்னூரில் ஏறத்தாழ 20 பாகைதான்; மழையும் காற்றும் சேர்ந்தால் உடல் உணரும் குளிர் இன்னும் மிகுதி. கல்லாற்றில் வெயில், பர்லியாறுக்கு மேல் மூடுபனி, குன்னூரில் தூறல் என்று ஒரே முற்பகலில் மூன்று பருவங்களைக் காண்பதுண்டு. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையை மிகுதியாகப் பெறும் கீழைச் சரிவில் உள்ளவை. மண்சரிவும் நேரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் இப்பயணமே வேண்டாம் என்பேன்.

ஏறும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குவதால் குளிர் தெரிவதில்லை. கோத்தகிரியிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இறக்கத்திலோ கால்கள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்; வியர்வையிலும் மழையிலும் நனைந்த சட்டையைக் காற்று ஊடுருவும். விரல்கள் மரத்துப்போனால் பிரேக்கை அழுத்தும் ஆற்றல் குறையும். நனைந்த சக்கர விளிம்பில் பிரேக் உடனே பிடிப்பதுமில்லை. விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியபடியே இறங்கினால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். ஆகவே, இடையிடையே நின்று சக்கரத்தையும் கைகளையும் ஆறவிட வேண்டும். இறங்கத் தொடங்குமுன் உலர்ந்த சட்டை, காற்றுத் தடுப்பு மேலுடை, முழுக் கையுறை ஆகியவற்றை அணிவது கட்டாயம். இவை மூன்றும் சேர்ந்து ஒரு கிலோ எடைகூட இரா. ஏற்றத்தில் பாரம் என்று இவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்வோரை என்னால் ஏற்க முடிவதில்லை.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்கினால் அது தாழ்வெப்பநிலை. நடுக்கம், பொத்தான் போட இயலாத தடுமாற்றம், குழறிய பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்னும் பிடிவாதமும் சிலரிடம் அறிவு மங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அந்நிலையில் அவரை ஓட்டவிடாதீர்கள். ஈர உடையைக் களைந்து, போர்த்தி, தெளிவாக விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். நடுக்கம் நின்றும் தெளிவு திரும்பாவிடில் நிலை முற்றிவிட்டது என்று கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ கொள்வோருக்கு இங்கே மேலும் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை தாழ்ந்தாலும் இதே நடுக்கமும் குழப்பமும் தோன்றும். பீட்டா பிளாக்கர் மருந்து உட்கொள்பவரிடம் படபடப்பும் நடுக்கமும் மறைந்து, வியர்வை மட்டுமே எஞ்சவும் கூடும். எனவே, குன்னூரிலும் கோத்தகிரியிலும் குருதிச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். குளுக்கோசு பொட்டலம் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். பயணம் முடிந்து பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழக்கூடும் என்பதால், அன்றிரவு வீட்டார் விழிப்பாக இருத்தல் நலம்.

அண்மையில் நெஞ்சுவலி கண்டவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், இதயத் தசை மிகவும் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு இக்கட்டுரை இசைவுச் சீட்டு அன்று. பிறரும் உடற்பயிற்சிச் சோதனையின் முடிவை மருத்துவரிடம் காட்டிய பின்னரே புறப்படலாம். ஏற்றத்தில் நெஞ்சில் அழுத்தமோ, தாடை அல்லது இடக்கையில் வலியோ தோன்றினால் அங்கேயே அமர்ந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

குடும்பத்தாரிடம் நான் வேண்டுவது தடை அன்று. பயணத்துக்கு முன்னிரவில் கால் மணி நேரம். குன்னூரை எத்தனை மணிக்குள் அடையாவிட்டால் பயணத்தை அங்கேயே முடிப்பது, முடித்தால் மிதிவண்டியை எந்தச் சரக்கு வண்டியில் ஏற்றி இறக்குவது, உடன் செல்பவர் யார் என்பவற்றை இருவரும் அமர்ந்து முடிவுசெய்யுங்கள். களைத்து நிற்கும் வேளையில், மலைமேல் தனியே எடுக்கத்தக்க முடிவு அன்று அது. மறுநாள் அவர் கோத்தகிரியிலிருந்து அழைக்கும்போது, 'எவ்வளவு தூரம் வந்தீர்கள்?' என்று கேட்பதற்கு முன், 'சட்டை மாற்றிவிட்டீர்களா? சாப்பிட்டீர்களா?' என்று கேளுங்கள்.