அடித்தண்ணீர் ஆசாரம்

சென்ற மாதம் குன்னூரில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். தூண்டில் போடுவதில் நாற்பதாண்டு அநுபவம் உள்ளவர். பேச்சு டிரவுட் மீன் பக்கம் திரும்பிற்று. "மிதக்கிற ஈயைப் போட்டுப் பிடிப்பவன் கனவான், நிம்ஃபை முக்கிப் பிடிப்பவன் திருடன்" என்று தீர்ப்புச் சொன்னார். ஏரியிலுமா என்று கேட்டேன். "எங்கேயும்தான்!" என்றார். விருந்துக்குப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூடிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

நிம்ஃப் என்பது சிறகு விரியாத பருவத்துப் பூச்சி. ஒருநாள் பூச்சியும் ஊசித்தட்டானும் ஆயுளின் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் கழிக்கின்றன. ஒருநாள் பூச்சி சிறகோடு வெளியே வாழ்வது சில மணி நேரம். மிஞ்சினால் சில நாட்கள். ஆகவே டிரவுட்டின் சாப்பாட்டில் பெரும்பங்கு அடித்தண்ணீரிலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பூச்சியைப் போலத் தூண்டில் முள்ளில் இறகு சுற்றிச் செய்வதற்கும் நிம்ஃப் என்றே பெயர். மீன் தினந்தோறும் தின்பதைக் காட்டினால் திருட்டு. எப்போதோ தின்பதைக் காட்டினால் கனவான்தனம்! இது என்ன நியாயம், ஐயா?

இந்த ஆசாரம் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவந்த வெள்ளைக்காரர்களோடு கப்பலேறி வந்தது. தென் இங்கிலாந்தில், சுண்ணாம்புப் பாறையில் ஊறிக் கண்ணாடிபோல் ஓடும் ஆறுகளின் கரையில் பிறந்தது. ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு 1886இலும் 1889இலும் எழுதிய இரு புத்தகங்கள் அதற்கு ஸ்மிருதிகளாயின. ஹால்ஃபோர்டு பூச்சிகளை உன்னிப்பாகப் பார்த்தவர். அவரைவிட அவருடைய சீடர்கள்தாம் மடி பார்த்தார்கள். ஸ்கூஸ் என்ற லண்டன் வக்கீல், பிடித்த மீனின் வயிற்றைச் சோதித்தார். உள்ளே நிம்ஃப் இருந்தது. அதைப்போலவே கட்டினார், அடித்தண்ணீர் முறைக்காக வாதாடி 1910இல் புத்தகமும் எழுதினார். பலன்? 1938இல் லண்டனில் ஈத்தூண்டில்காரர்களின் கிளப்பில் விவாதம் கூட்டி, எண்பதை நெருங்கிய அந்த மனிதரைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் கேள்வி கேட்டார்கள். மீனின் வயிறே சாட்சி சொல்லியும் ஆசாரம் ஒப்புக்கொள்ளவில்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தை நான் மறைக்கப் போவதில்லை. நாலு பேர் குத்தகைக்கு எடுத்த சிற்றாற்றில் கண்டபடி அடியில் இழுத்தால் குஞ்சு மீன்களும் மாட்டும் என்ற கவலைக்குப் பொருள் உண்டு. அங்கே அந்த விதி இருந்துவிட்டுப் போகட்டும். ஏரிக்கு என்ன வந்தது?

ஆறு சாப்பாட்டைச் சுமந்து வருகிறது. மீன் ஓரிடத்தில் நின்றுகொண்டு, வெள்ளம் அடித்துக்கொண்டு போகுமுன் சட்டென்று முடிவெடுக்கவேண்டும். ஏரியிலோ மீன்தான் தேடிப் போகவேண்டும். அதனால் சாவகாசமாகப் பார்க்கிறது, பின்தொடர்ந்து வருகிறது, சந்தேகம் தட்டினால் திரும்பிவிடுகிறது. நீர்ப்பரப்பில் ஒரு பூச்சியும் இல்லாத நாளில் மிதக்கும் ஈயைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதைக் கனவான்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பிரிஸ்டலுக்கு அருகே, 1904இல் மீன்பிடிக்கத் திறந்துவிட்ட பிளாக்டன் நீர்த்தேக்கத்தில், முதல் உலகப் போருக்குப் பிறகு டாக்டர் பெல் என்பவர் இதைக் கண்டுகொண்டார். மற்றவர்கள் பகட்டான பெரிய ஈக்களை வீசிய கரையில், அவர் மீன் வயிற்றைப் பார்த்து, கடிக்காத கொசுவினப் பூச்சியின் கூட்டுப்புழுவைப் போலச் சிறியதாகக் கட்டி, மெதுவாக இழுத்தார்.

நிம்ஃபில் கலையழகு இல்லை என்றும் பெரியவர் குறைப்பட்டார். ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர், 1958இல் நிம்ஃப் பற்றிப் புத்தகம் எழுதியவர், கட்டிய முறையைக் கேளுங்கள். ஃபெசன்ட் பறவையின் வாலிறகிலிருந்து நாலைந்து இழை, மெல்லிய செப்புக் கம்பி, அவ்வளவுதான். கம்பியே கட்டும் நூல், கம்பியே எடை. மார்புப் பக்கம் கம்பியைச் சற்றுத் திரட்டி, இழைகளின் நுனியை வாலாக விட்டு, மீதியைக் கம்பியோடு முறுக்கி முன்னோக்கிச் சுற்றி, மார்பின்மேல் மடித்துக் கட்டினால் விரியாத சிறகின் உறை வந்துவிடும். கால் வைக்கவில்லை. நீந்தும் நிம்ஃப் காலை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வதை அவர் பார்த்திருந்தார். ஆற்றுக்காகக் கட்டியது ஏரியிலும் எடுபட்டது. பார்த்ததை மட்டும் செய்து, பார்க்காததை விட்டுவிடுவதைவிடக் கலைக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? மிதக்கும் ஈக்கு விறைப்பான சேவல் கழுத்திறகைத் தேடி நல்ல விலை கொடுக்கவேண்டும். இதற்கு ஓர் இறகும் முழக் கம்பியும் போதும். ஆசாரத்தின் கோபமே இந்த மலிவின் மேல்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

பெரியவரே, மேலே மிதந்தாலும் கீழே அமிழ்ந்தாலும் உள்ளே இருப்பது முள். மீனை ஏமாற்றுவதே பாவம் என்று ஒருவர் சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொள்வேன். பதிலும் சொல்லத் திணறுவேன். தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே, வஞ்சனையில் உயர்ந்த சாதி தாழ்ந்த சாதி பிரிப்பவரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏரி நம் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. என்ன பூச்சி, எவ்வளவு ஆழம், எவ்வளவு மெதுவாக என்று மூன்றே கேள்விகள் கேட்கிறது. அவற்றுக்கு விடை தேடுவதற்குச் சோம்பல்படுகிறவன்தான் கரையில் உட்கார்ந்துகொண்டு ஆசாரம் பேசுவான்.