அச்சில் வந்ததெல்லாம் ஆதாரமா?

"பத்திரிகையிலேயே வந்துவிட்டதே!" என்று மேடையில் முழங்கும் இளைஞர்களே! எந்தப் பத்திரிகையில், யார் எழுதியது என்று கேட்டுப் பார்த்ததுண்டா?

முஸ்லிம்கள் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளுகிறார்கள், விரைவில் நாட்டில் பெரும்பான்மை ஆகிவிடுவார்கள் என்று துண்டுப் பிரசுரங்களும் சில வார இதழ்களும் பல்லாண்டுகளாகக் கூச்சலிடுகின்றன. கணக்கு எங்கே எடுத்தது என்ற விவரம் அவற்றில் இருக்காது. பதிலுக்கு நம்மவர் என்ன செய்கிறார்? நமக்கு வேண்டிய இதழ் ஒன்றிலிருந்து நாலு வரியை எடுத்து வாசிக்கிறார். அதற்கும் மூலம் கிடையாது. (நம்மை ஆதரித்து எழுதினால் மட்டும் அது ஆதாரமாகிவிடுமா?) கேட்பவர் இரண்டையும் ஒரே தராசில் போட்டுவிட்டுப் போகிறார்.

தேசிய குடும்ப நல ஆய்வு அறிக்கையைப் புரட்டுங்கள். 1992-93இல் முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரி 4.4 குழந்தைகள்; 2019-21இல் 2.36. இந்துப் பெண்களிடம் 3.3 ஆக இருந்தது 1.94 ஆயிற்று. இடைவெளி ஒன்றுக்கு மேல் இருந்தது. இப்போது அரைகூட இல்லை. நம்மிடம் இன்னும் சற்றுக் கூடுதல்தான்; அதை மறைக்க வேண்டியதில்லை. வேகமாகக் குறைந்து வருவது யாரிடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இத்தகைய கணக்குகளை அலசும் ஆய்விதழ்கள் தனி ரகம். எழுதியவர் பெயர், அவர் பணிபுரியும் நிறுவனம், கணக்கிட்ட முறை, பயன்படுத்திய நூல்கள் எல்லாம் அதில் இருக்கும். துறை அறிந்த வேறு சிலர் படித்துக் குறை நிறை சொன்ன பிறகே கட்டுரை அச்சேறும். அங்கும் பிழை நேராமல் இல்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையை லான்செட் இதழ் 1998இல் வெளியிட்டது. 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. அந்தப் பீதியைப் பரப்பிய நாளேடுகளில் எத்தனை இதைத் தலைப்புச் செய்தியாக்கின?

வியாபாரப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரிக்குத் தொழில் இதழ் அவசியம். சந்தை நிலவரமும் கண்காட்சித் தேதியும் ஆய்விதழில் கிடைக்காது. ஆனால் புதிய ரசாயனம் ஒன்றை அதில் வானளாவப் புகழ்ந்திருந்தால் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் இருக்கக்கூடும்! பணத்தைக் கட்டுமுன், சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.