மீட்டர் சொல்லாத ஈயம்

"டிடிஎஸ் நூறுக்குள்ள இருக்கும்மா, தாராளமா குடிக்கலாம்." மயிலாடுதுறையில் ஆர்.ஓ. விற்க வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நாமும் இதையே சொல்கிறோம்.

அந்தப் பேனா மீட்டர் பார்ப்பது, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை. அதை வைத்து மொத்த உப்பை உத்தேசமாகச் சொல்கிறது. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மீட்டரோ முழு மில்லிகிராமாகத்தான் எண்ணும். ஈயம் வரம்பைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் 80 என்ற எண் அசையாது.

அடுத்தது கம்பி வித்தை. குழாய்த் தண்ணீரில் கம்பிகளை விட்டு சுவிட்சைப் போட்டதும் செம்பழுப்புக் கசடு திரளும். பக்கத்து டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். "இதைத்தான் குடிக்கிறீங்க!" என்பார். கசடு அந்தக் கம்பியின் இரும்பு, ஐயா! உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது, கம்பியும் கரையாது. ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் கலங்கும். ஆர்.ஓ. உலோகங்களைப் பெருமளவு நீக்கும், மறுக்கவில்லை. என் சண்டை மீட்டரோடுதான்.

"காவிரியில் ஏது உலோகம்?" 2021இல் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் காவிரியில் மருந்து எச்சங்களோடு ஆர்சனிக், குரோமியம், ஈயம், நிக்கல் இருப்பதாக அறிவித்தார்கள். திருப்பூர் வழி நொய்யலும் கரூர் வழி அமராவதியும் கலந்த பிறகுதான் ஆறு நம் ஊருக்கு வருகிறது. நம் வீட்டுக் குழாயிலும் அவை உண்டு என்று இதனால் ஆகிவிடாது. இல்லை என்று சொல்ல மீட்டருக்கும் வழியில்லை.

இப்படிச் சொன்னால், "நானோ சென்சார் வந்தாச்சே, சொட்டு விட்டால் நிறம் காட்டிவிடும்" என்கிறார்கள் படித்தவர்கள். பாதி உண்மை. 2003இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜூவென் லியூ, யீ லூ இருவரும் தங்க நானோ துகள்களை டிஎன்ஏ இழையால் கோத்தார்கள். கோத்த துகள்கள் நீலம். ஈயம் இருந்தால் இழை வெட்டுப்படும், துகள்கள் பிரிந்து சிவப்பாகவே நிற்கும். விலையுயர்ந்த கருவி இல்லாமல் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் மேல்பூச்சு சரியில்லாத தங்கத் துகள், உப்பைக் கண்டாலே ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகிவிடும். பூம்புகார், தரங்கம்பாடிப் பக்கத்து உவர்ப்பான போர் தண்ணீரில் அந்த நீலத்தை எப்படி நம்புவது? ஆய்வகத்தின் சுத்த நீரில் ஜெயித்ததை நம் நீரிலும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

அதுவரை, சந்தேகம் உள்ளவர்கள் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் விசாரிக்கலாம். வெறுமனே "தண்ணீர் டெஸ்ட்" என்று கேட்டால் உப்பும் கடினத்தன்மையும் பார்த்துத் தந்துவிடக்கூடும். ஈயம், ஆர்சனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும்.