காவல் நிலையப் படம் கைப்பேசிக்கு ஏன் போகிறது?

கையில் மாவுக்கட்டு, கண்ணில் அச்சம், "இனிமே தப்பு பண்ண மாட்டேன் சார்" என்ற கெஞ்சல். இப்படிப்பட்ட காணொளிகள் தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் வந்தபடியே இருக்கின்றன. காவலில் இருப்பவரை எடுத்த படம், அங்கே கைப்பேசியோடு நிற்கும் உரிமை உள்ளவர்களின் துணையின்றி வெளியே வராது. காவல்துறை இதை உடனடியாக நிறுத்த வேண்டும்.

போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் 23-வது பிரிவில் அதையே சொல்கிறது. அடிக்குப் பயந்து வந்த சொல்லையும் மனமுவந்து சொன்னதையும் பிரித்தறிய வழியில்லை என்பதால் வந்த பாதுகாப்பு அது. நீதிபதியே ஏற்கக் கூடாத வாக்குமூலத்தை இன்று ஊரே கேட்டுத் தீர்ப்பும் எழுதிவிடுகிறது. கர்நாடக வழக்கு ஒன்றில், காவலில் பதிவு செய்த வாக்குமூலங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதை, நீதி வழங்கும் பணியில் குறுக்கிடும் செயல் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

இதனால் வழக்கும் கெடுகிறது. முகத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்ட சாட்சி, அடையாள அணிவகுப்பில் அதே முகத்தைச் சுட்டிக்காட்டினால் அதற்கு என்ன மதிப்பு? எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். உண்மையான குற்றவாளிகூட இந்த ஓட்டை வழியே தப்பலாம்.

ரவுடிகளுக்குப் பயம் வரும், மக்களுக்கு நம்பிக்கை வரும் என்கிறார்கள். செயினைப் பறிகொடுத்த பெண்ணின் கோபம் நியாயமானது. அவருக்குத் தேவை தண்டனையில் முடியும் வழக்கு. விடுதலையாகி வருபவரோ வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் அந்தக் காணொளியை எதிர்கொள்ள வேண்டும். அவருடைய பிள்ளைகளும் பள்ளியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கேமராவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோதனையையும் பறிமுதலையும் படம்பிடிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. அந்தப் பதிவு நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் பாதுகாக்க வேண்டிய பதிவுகளுக்கு என்ன நேர்ந்தது? 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்த வழக்கை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போலீஸார் மீது கேள்வி எழுப்பக்கூடிய பதிவு அழிகிறது; கைதியை அவமானப்படுத்தும் பதிவு பரவுகிறது. இதை நாம் ஏற்க முடியாது.

கைதானவர்களை ஊடகங்கள் முன் நிறுத்தக் கூடாது என்று மத்திய உள்துறை 2010-லேயே அறிவுறுத்தியது. அறிவுரை போதாது. விசாரணை அறையில் சொந்தக் கைப்பேசிக்குத் தடை விதித்து டிஜிபி ஆணையிட வேண்டும். தேடப்படும் தலைமறைவுக் குற்றவாளியின் படத்தை வெளியிடுவதற்கு மட்டும், மாவட்ட எஸ்பியின் எழுத்துபூர்வ அனுமதியோடு விலக்கு தரலாம். மற்றபடி ஒரு காணொளி கசிந்தால், அந்த நிலைய ஆய்வாளர் மீது துறை நடவடிக்கையும், படத்தில் இருப்பவருக்கு அரசின் இழப்பீடும் உறுதியாக வேண்டும்.